மூன்று லிட்டர் குடிக்கச் சொல்கிறார்கள், எங்கள் ஊர் போர் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா?

கேள்வி: காரிமங்கலம் மாந்தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். என் மனைவிக்குக் கொஞ்ச நாளாகவே சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி. தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். யூரின் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, தொற்று இருக்கிறது, இடது கிட்னியில் சின்னதாக ஒரு கல்லும் இருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும், இல்லையென்றால் இது திரும்பத் திரும்ப வரும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். "இந்தத் தண்ணியை மூணு லிட்டர் குடிச்சா காலு மடங்காமப் போயிடும், உங்க பெரியப்பாவைப் பாரு" என்கிறார். பெரியப்பாவுக்குக் கழுத்தும் முதுகும் விறைத்துப் போய்விட்டது, யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவார். ஊரில் அவர் வயசுக்காரர்கள் இன்னும் சிலர் அப்படித்தான் நடக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். ஆழமான போர், தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் காய்ச்சும் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படிந்து, நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வரும். ஒகேனக்கல் தண்ணீரும் தெருக் குழாயில் வருகிறது, ஆனால் தினமும் வராது. மனைவி கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போகிறார், காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அங்கே அவர் தண்ணீரே குடிப்பதில்லை, கேட்டால் சரியாகப் பதில் சொல்வதில்லை. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், புதிதாக முளைத்த முன்பல் இரண்டிலும் வெள்ளைத் திட்டும் லேசான மஞ்சளும் தெரிகிறது.

எவ்வளவு குடிக்கவேண்டும், எந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டும், காய்ச்சினால் போதுமா, கேன் வாங்கவேண்டுமா? அம்மா சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை, டாக்டர் சொல்வதை விடவும் முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

பதில்: பென்னாகரம் அறிவியல் டீச்சர்

தம்பி, டாக்டர் சொன்னது சரி. உங்கள் அம்மாவுக்கு வந்திருக்கும் பயமும் சரியான பயம்தான், அதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் எவ்வளவு குடிப்பது என்று கேட்பதற்கு முன்னால் எதைக் குடிப்பது என்று கேட்டாகவேண்டும். அரசாங்கமே இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் முழுப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் பாதிப்பைக் குறைக்கும் திட்டம் என்று இருக்கும். ஃப்ளோரோசிஸ் என்றால் ஃப்ளோரைடு என்ற உப்பு உடம்பில் அதிகமாகிப் பல்லும் எலும்பும் கெடுவது. 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து, 2013-இல் பயன்பாட்டுக்கு விட்டார்கள். காவிரித் தண்ணீரை அவ்வளவு தூரம் குழாயில் ஏற்றிக் கொண்டுவரக் காரணம் நம் நிலத்தடித் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு.

அது எங்கிருந்து வருகிறது என்றால், நம் காலடியில் இருப்பதெல்லாம் கருங்கல் பாறை. அந்தப் பாறையில் இருக்கும் சில கனிமங்களில் ஃப்ளோரின் உண்டு. மழைத் தண்ணீர் பாறை வெடிப்பில் இறங்கி வருடக்கணக்கில் தங்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. போர் ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் பாறையோடு கிடந்த காலமும் பெரும்பாலும் கூடுதல், அதனால் ஃப்ளோரைடும் கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியில் தெரியாது. உங்கள் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் பொருக்கு சுண்ணாம்பு உப்பு, அதை வைத்து ஃப்ளோரைடு இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. இந்தியத் தரக் கணக்கு 1 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு உங்கள் போரில் 3 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி ஒரு லிட்டர் குடித்தால் உடம்புக்குள் போவது 3, மூன்று லிட்டர் குடித்தால் 9. சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து நாளுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டி வருடக்கணக்கில் போனால் எலும்புக்கு ஆபத்து கூடுகிறது என்று அதே நிறுவனம் சொல்கிறது, 14-க்குப் போனால் பாதிப்பு தெளிவாகவே தெரியும். உங்கள் பெரியப்பா காலத்தில் காட்டில் வெயிலில் நின்று வேலை செய்தவர்கள் நாளெல்லாம் இந்தக் கிணற்று, போர் தண்ணீரைத்தானே குடித்தார்கள்.

காய்ச்சினால் போகாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஃப்ளோரைடு உள்ளேயே தங்கும், அதனால் நிறையக் காய்ச்சக் காய்ச்ச லிட்டர் கணக்கில் கூடத்தான் செய்யும். மண்பானையில் ஊற்றி வைத்தாலும், துணியில் வடிகட்டினாலும் போகாது. காய்ச்சுவது கிருமிக்கு நல்லது, அதைக் கிருமிக்காகச் செய்யுங்கள்.

சமையலையும் மறக்காதீர்கள். சோறு வடித்தால் கஞ்சியோடு கொஞ்சம் வெளியே போகும், ஆனால் களி கிண்டினால் ஊற்றிய தண்ணீர் முழுக்க மாவுக்குள்தான் இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர், குளிக்கத் துவைக்க மாட்டுக்கொட்டகை கழுவ போர் தண்ணீர் என்று பிரித்துவிடுங்கள். ராகியை மட்டும் விட்டுவிடாதீர்கள், 100 கிராம் ராகியில் கிட்டத்தட்ட 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கால்சியம் குறைவாகச் சாப்பிடுகிறவர்களைத்தான் ஃப்ளோரைடு அதிகமாகப் படுத்தும்.

முதல் வேலை, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தர்மபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடியுங்கள், கண்ணாடி பாட்டில் வேண்டாம். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று தடவை அலசிவிட்டுப் பிடிக்கவேண்டும். போர் தண்ணீர் ஒன்று, தெருக் குழாய்த் தண்ணீர் ஒன்று என்று இரண்டு பாட்டில், மேலே தெளிவாக எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

*

பதில்: ஊத்தங்கரை டவுன் பஸ் டிரைவர்

அண்ணா, கல் பற்றி நான் சொல்கிறேன், பட்டவன். ஸ்டியரிங் பிடித்திருக்கும்போதே விலாவுக்குக் கீழே ஆரம்பித்துத் தொடை இடுக்கு வரை இழுத்தது, வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன், பாசஞ்சர்கள்தான் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனார்கள். எங்கள் தொழிலில் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பது எல்லோருக்கும் பழக்கம், டிரிப் நேரம் அப்படி, நடுவில் எங்கே இறங்குவது. அதனால்தான் டிரைவர் கண்டக்டரில் கல் இல்லாத ஆளைத் தேடவேண்டியிருக்கிறது.

எனக்குப் பார்த்த டாக்டர் நன்றாக விளக்கினார். சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட் எல்லாம் எப்போதும் கரைந்துதான் இருக்கும், தண்ணீர் குறைந்தால் கரைசல் கெட்டியாகி அது படிகமாக ஆரம்பிக்கிறது. குடிக்கும் அளவை விட வெளியே போகும் அளவைப் பாருங்கள் என்றார், நாளுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகவேண்டும். வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறவனுக்கு மூன்று லிட்டர் குடித்தாலும் அவ்வளவு போகாது, வீட்டில் ஃபேனுக்குக் கீழே இருப்பவருக்கு அதைவிடக் குறைவாகக் குடித்தாலே போகும். இத்தாலியில் முதல் தடவை கல் வந்தவர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 1996-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்களாம். நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி வந்தது, வழக்கம்போல் இருந்தவர்களில் 27 சதவீதம்.

நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் அண்ணா. வைக்கோல் நிறத்தில் லேசாக இருந்தால் சரி, மஞ்சள் கெட்டித்தால் உடனே இரண்டு டம்ளர் குடிக்கவேண்டும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போடும் நாளில் மட்டும் எப்படியும் பளிச்சென்று மஞ்சளாகத்தான் போகும், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் கட்டாயம், தூங்கும் நேரத்தில்தான் சிறுநீர் ரொம்பக் கெட்டியாகிறது.

அப்புறம், போரின் உப்புத் தண்ணீரால்தான் கல் வருகிறது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், அதற்குப் பலமான ஆதாரம் இல்லை என்றார் டாக்டர். குறைவாகக் குடிப்பதும், ஊறுகாய் கருவாடு என்று உப்பு அதிகம் சேர்ப்பதும்தான் பெரிய காரணம். பாலையும் ராகியையும் நிறுத்தாதே என்றும் சொன்னார். எலுமிச்சம்பழத் தண்ணீர் நல்லது, சர்க்கரை இல்லாமல்.

*

பதில்: சிப்காட் தையல் லைன்

மாந்தோப்பு அண்ணா, உங்கள் மனைவி ஏன் பதில் சொல்வதில்லை என்று நான் சொல்கிறேன். நானும் ஒரு கார்மென்ட்ஸில் தைக்கிறவள், எந்தக் கம்பெனி என்று வேண்டாம். எங்கள் லைனில் பாத்ரூம் போக ஒரே ஒரு கார்டு. லேமினேட் செய்து கயிறு கட்டி சூப்பர்வைசர் டேபிள் ஓரத்தில் தொங்கும். ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால் அவள் திரும்பி வந்து மாட்டும் வரை அடுத்தவள் எழுந்திருக்க முடியாது. மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதிக்கொண்டே இருப்பார்கள், நாம் எழுந்தால் நம் டேபிளில் துணி குவியும், குவிந்தால் சத்தம் வரும். மாதவிடாய் நாட்களில் நிலைமை சொல்லவே வேண்டாம். அதனால் பெண்கள் கண்டுபிடித்த ஒரே வழி காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. பாட்டில் கொண்டுபோவோம், மூடி திறக்காமலே திரும்பி வரும்.

உங்கள் மனைவி சோம்பலில் குடிக்காமல் இல்லை அண்ணா. மூன்று லிட்டர் குடி என்று டாக்டர் ஒரு வரியில் சொல்லிவிடலாம், நீங்களும் வீட்டில் அதட்டலாம், ஆனால் போக இடமும் நேரமும் இல்லாதவள் எப்படிக் குடிப்பாள்? முதலில் அவரிடம் திட்டாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

எங்கள் லைனில் அஞ்சாறு பேர் சேர்ந்து ஹெச்ஆர் மேடத்திடம் போனோம், ஒருத்தி டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி தனியாகப் போயிருந்தால் வேலைக்கு வணங்காதவள் என்று பெயர் வைத்திருப்பார்கள், கூட்டமாகப் போனதால் கேட்டார்கள், இரண்டாவது கார்டு வந்தது. உங்கள் டாக்டரிடமும் அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் அனுமதி வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். இது யாரும் போடும் பிச்சை இல்லை. 1948-ஆம் வருட தொழிற்சாலைச் சட்டத்திலேயே குடிநீருக்குத் தனிப் பிரிவு இருந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் தரவேண்டும், தண்ணீர் வைக்கும் இடம் கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டருக்குள் இருக்கக்கூடாது, கழிப்பறை போதுமான அளவு இருக்கவேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள்.

காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர், பஸ் ஏறும் முன் வேண்டாம், கம்பெனியில் இறங்கியதும் ஒன்று, டீ பிரேக், சாப்பாடு, சாயங்கால பிரேக் என்று பிரேக்குக்குப் போவதற்கு முன்னால் குடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

*

பதில்: வார்டு நர்ஸ், தர்மபுரி

மேலே தங்கச்சி சொன்னதைப் படித்துவிட்டு மனசு கேட்கவில்லை. வார்டுக்கு வரும் யூரின் இன்ஃபெக்ஷன் கேஸில் கம்பெனி, ஜவுளிக்கடை, செங்கல் சூளை வேலைக்குப் போகும் பெண்களை நிறையவே பார்க்கிறேன். தண்ணீர் குடித்து அடிக்கடி போனால் கிருமி பெருகுவதற்கு முன்னாலேயே அடித்துக்கொண்டு போய்விடும், அடக்கி வைத்தால் அது உள்ளேயே பெருகும். 2018-இல் வந்த ஒரு ஆய்வில், அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பெண்களில் ஒரு பாதிப் பேரை வழக்கத்தை விட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குத் தொற்று வந்தது சராசரியாக 1.7 தடவை, மற்றவர்களுக்கு 3.2 தடவை. ஆனால் ஏற்கனவே வந்துவிட்ட தொற்றைத் தண்ணீர் மட்டும் குணப்படுத்தாது, கொடுத்த ஆன்டிபயாடிக்கை எரிச்சல் நின்றதும் நிறுத்தாமல் முழு கோர்ஸும் முடிக்கச் சொல்லுங்கள். காய்ச்சலும் குளிரும் முதுகு வலியும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

அளவைப் பற்றி. சாதாரணமாக இருக்கும் ஒருவருக்கு நாளுக்கு எட்டு டம்ளர், சுமார் இரண்டு லிட்டர் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. மோர், கூழ், ரசம், டீ எல்லாமே கணக்கில் சேரும். சித்திரை வெயிலில் மாங்காய் பறிக்கிறவர்களுக்கும், கல் குவாரியில் நிற்பவர்களுக்கும் இது போதாது, அவர்கள் தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் இடையிடையே குடிக்கவேண்டும், வெறும் தண்ணீரோடு உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ சேரவேண்டும். வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் பாக்கெட், கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து போடவேண்டும்.

தண்ணீர் சரியாகக் குடித்தால் மலச்சிக்கலும் தலைவலியும் குறையும், வேலையில் கவனம் நிற்கும், இதெல்லாம் உண்மை. முகம் பளபளக்கும், நச்செல்லாம் வெளியேறும் என்று வாட்ஸப்பில் வருவதை விட்டுவிடுங்கள். காலையில் எழுந்து ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடிக்கும் பழக்கமும் வேண்டாம். கிட்னி ஒரு மணி நேரத்தில் வெளியேற்றக்கூடியது கிட்டத்தட்ட ஒரு லிட்டர்தான், அதற்கு மேல் தொடர்ந்து ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம், வலிப்பு வரை போகும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மூன்று லிட்டர் உங்கள் மனைவிக்குச் சொன்னது. இதைப் படித்துவிட்டுக் கிட்னி செயலிழந்தவர்களுக்கும், டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கும், இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவர்களுக்கும் தண்ணீரை ஊற்றிக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு டாக்டர் மில்லி கணக்கில் அளந்து கொடுத்திருப்பார். மூச்சுத்திணறலோடு அப்படி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் வேறு மாதிரி, வயசானால் தாகமே சரியாகத் தெரியாது, அவர்களுக்கு வேறு நோய் இல்லையென்றால் நாம்தான் நேரத்துக்கு டம்ளரை நீட்டவேண்டும்.

*

பதில்: ஆர்ஓ மெக்கானிக், கிருஷ்ணகிரி

கேன் பற்றியும் மெஷின் பற்றியும் கேட்டிருந்தீர்கள் சார். ஃப்ளோரைடை எடுப்பது ஆர்ஓ, அல்லது அதற்கென்றே இருக்கும் ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர். யூவி லைட் மட்டும் இருக்கும் மெஷின் கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடைத் தொடாது. விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டுக் காட்டுவார், அது மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. டிடிஎஸ் குறைவான தண்ணீரிலும் ஃப்ளோரைடு அதிகமாக இருக்கலாம். ஆர்ஓ மெஷினுக்குள் உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பிரேன் பழசானால் மெதுவாக வெளியே விட ஆரம்பிக்கும், அதனால் மெஷினிலிருந்து வரும் தண்ணீரையும் வருடத்துக்கு ஒரு தடவை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கழிவுக் குழாயில் வருவதில் எல்லாம் செறிந்து இருக்கும், மாட்டுக்கு வைக்காதீர்கள், பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

கேன் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுத்த உரிம எண், தயாரித்த தேதி, மூடியில் சீல் மூன்றையும் பார்த்து வாங்குங்கள். வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்கவேண்டாம். ஆனால் உங்கள் குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீர்தான் என்று உறுதியானால் நான் எதையும் விற்கமாட்டேன், அதைப் பிடித்து மூடி வைத்துக் குடியுங்கள். சில ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் கலந்து ஏற்றிவிடுகிறார்கள், அதனால் டீச்சர் சொன்ன அந்த இரண்டாவது பாட்டில் முக்கியம்.

*

கேள்வி கேட்டவர்: காரிமங்கலம் மாந்தோப்பு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மனைவியிடம் பேசினேன், அங்கேயும் கார்டுதானாம். சீட்டு எழுதி வாங்க நாளைக்கே டாக்டரிடம் போகிறோம். இரண்டு பாட்டிலும் பிடித்து வைத்துவிட்டேன். அம்மாவிடம் நீ சொன்னதில் விஷயம் இருக்கிறது என்றேன், அதன் பிறகு அவரே ஒகேனக்கல் தண்ணீர் பிடிக்கத் தனியாக இரண்டு குடத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறார். டீச்சர், மகளின் பல் சரியாகுமா? ரிசல்ட் மோசமாக வந்தால் யாரிடம் போவது?

*

பதில்: பென்னாகரம் அறிவியல் டீச்சர்

தம்பி, முளைத்துவிட்ட பல்லில் இருக்கும் திட்டு தண்ணீரை மாற்றினால் போகாது, பல் டாக்டரிடம் காட்டினால் அழகுக்கு ஏதாவது செய்யலாம், அதுவும் அவசரமில்லை. ஃப்ளோரைடு கறைதானா என்பதையும் அவர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் ஈறுக்குள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பற்கள் இருக்கின்றன. எட்டு வயசு வரை உள்ளே போகும் ஃப்ளோரைடுதான் பற்களை முக்கியமாகப் பாதிக்கும், அதனால் இன்றிலிருந்தே அவளுக்கு நல்ல தண்ணீர் கொடுங்கள், பள்ளிக்கும் வீட்டுத் தண்ணீரையே பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். பற்பசை பட்டாணி அளவு போதும், விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

ரிசல்ட் 1.5-க்கு மேல் வந்தால் அந்தத் தாளை நகல் எடுத்து ஊராட்சிச் செயலரிடம் மனுவோடு கொடுங்கள், வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் ஒன்று. குழாய்த் தண்ணீரிலும் அதிகமாக இருந்தால் தொட்டியில் கலக்கிறார்கள் என்று அர்த்தம், அதைத் தனியாக எழுதுங்கள். கிராமசபையில் எழுந்து கேளுங்கள், மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தன்றும் கிராமசபை கூட்டுகிறார்கள். பெரியப்பாவையும் கூட்டிப்போங்கள், அவரும் தண்ணீரை மாற்றட்டும், விறைத்தது திரும்பாவிட்டாலும் மேலும் கூடாமல் இருக்கும், வலிக்கு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். ரிசல்ட் வந்ததும் இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள், பக்கத்து ஊர்க்காரர்களும் பார்க்கட்டும்.